ஓ.பி. பேராசிரியராகக் கொடிகட்டிப் பறப்பது எப்படி?

ஆர்கனைசேஷனல் பிஹேவியர் பாடத்தை எம்.பி.ஏ. பையன்கள் ஓ.பி. என்றுதான் சொல்வார்கள். சிரிக்காதீர்கள். வேலை பார்க்கும் இடத்தில் மனுஷன் எப்படி நடந்துகொள்கிறான், ஏன் ஓ.பி. அடிக்கிறான் என்று ஆராயும் படிப்பு அது. நெல்லையில் இருந்துகொண்டே, ஒரு தொழிலாளி முகத்தையும் பார்க்காமல், இதில் 30 வருஷம் ஓட்டலாம். பாதி தூரம் நீங்கள் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். மீதிக்குத்தான் இந்தக் குறிப்பு.

1. பாடத்தைச் சிகாகோவில் தொடங்குங்கள். 1924-இல் ஹாதார்ன் ஆலையில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்த கதையை விரிவாகச் சொல்லுங்கள். நடுவில் கரண்ட் போனால் வகுப்பை முடித்துவிடுங்கள். இருட்டில் யாரால் வேலை பார்க்க முடியும்?

2. தூத்துக்குடிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். 1986 வரை அது நம் மாவட்டம்தான் என்பதையும் மறந்துவிடுங்கள். அங்கே ஹார்வி கம்பெனியின் கோரல் மில்லில் 1908 பிப்ரவரியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்து, கூலியைக் கூட்டி, வாரத்துக்கு ஒரு நாள் லீவும் கொடுத்தது. வேலைநிறுத்தத்துக்கு எதிராக இருந்தவருக்குச் சவரத் தொழிலாளி சவரம் செய்ய மறுத்தார் என்றால் ஊர் எப்படிச் சேர்ந்து நின்றது பாருங்கள். மோட்டிவேஷன், லீடர்ஷிப், குரூப் டைனமிக்ஸ், மூன்று யூனிட்டும் இதிலேயே முடிந்துவிடும். அதுதான் ஆபத்து. நீங்கள் பாடம் நடத்தும் டெய்லரின் புத்தகம் வர அப்போது இன்னும் மூன்று வருஷம் இருந்தது, மாஸ்லோவின் கட்டுரை வர 35 வருஷம். எவனாவது எழுந்து கேட்டால், “அது ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்” என்று உட்காரவையுங்கள்.

3. ஆய்வுத் தலைப்புக்கு மூளையைக் கசக்காதீர்கள். ‘பணித் திருப்தி: திருநெல்வேலி மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு.’ 2019-இல் தென்காசியைத் தனி மாவட்டமாக்கினார்கள். அடுத்த பிஎச்.டி. தயார்.

4. சாம்பிள் 384. கிரெஜ்சியும் மார்கனும் 1970-இலேயே அட்டவணை போட்டுவைத்துவிட்டார்கள், ஏன் என்று கேட்காதீர்கள். படிவக் கட்டோடு ஆய்வு மாணவரை முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் அனுப்புங்கள். நீங்கள் போகாதீர்கள், வெயில். திண்ணையில் ஒரு அக்கா சுளகை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். வெட்டின இலையில் தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றுவார். கை நிற்காது. ‘மிகவும் உடன்படுகிறேன்’ தொடங்கி ஐந்து கட்டத்தையும் மாணவர் வாசித்து முடிப்பதற்குள் இரண்டு பீடி சுளகில் விழுந்திருக்கும். “தம்பி, பீடிக்கடையில சரியில்லைன்னு கழிச்சுப் போடுற பீடிக்குக் கூலி கிடையாது. அதை எந்தக் கட்டத்துல போடணும்?” என்பார். அதற்குக் கட்டம் இல்லை. நடுவில் ஒரு டிக் அடிக்கச் சொல்லுங்கள்.

5. படிவம் குறைகிறதா? உங்கள் துறையிலேயே ஜெராக்ஸ் எடுத்து, டீ வாங்கிவந்து, தினக்கூலியில் காலம் தள்ளுகிற உதவியாளர் அண்ணாச்சி இருக்கிறாரே. மிச்சம் 200-ஐ அவரிடம் தள்ளுங்கள். இரண்டு கலர் பேனாவும் கொடுங்கள், ஒரே கை என்று தெரியக் கூடாது. ‘என் வேலை நிரந்தரமானது என்ற நிம்மதி எனக்கு உண்டு’ என்ற வரிக்கு 200 தடவை டிக் அடித்துவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அவர் டீக்கடைக்குப் போவார்.

6. வைவாவுக்கு வருகிற எக்ஸ்டர்னலுக்கு அல்வா கொடுங்கள். நிஜ அல்வாதான். மாணவரை நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை வரிசையில் நிற்கவையுங்கள். சாயங்காலம் கொஞ்ச நேரமே திறக்கிற கடைக்கு அவ்வளவு கூட்டம் எப்படி என்று மாணவர் யோசிக்க ஆரம்பித்தால் போன் போட்டு, சட்டுபுட்டென்று வரச் சொல்லுங்கள்.

7. பணி நிறைவு விழாவில் ‘ஊழியரை மனிதராக மதிப்பது’ பற்றி 40 நிமிஷம் பேசுங்கள். முதல் வரிசைக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருப்பவர் நம் அண்ணாச்சிதான், இன்னும் தினக்கூலி. அவருக்கும் ஒரு நன்றி சொன்னால் எடுப்பாக இருக்கும். மேடை ஏறுமுன் அவர் பெயரை யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.