கருவிக்குக் கருவி செய்பவர்

வீட்டுப் பட்டறைக்காரர் என்பவர், ஆலையிலோ பம்ப் கம்பெனியிலோ டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, கைக்கு வந்த பணத்தில் பழைய நாலரை அடி லேத் ஒன்றை வாங்கி, வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் போட்டுக்கொண்டவர். கார் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. அது வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. லேத்துக்குத்தான் வெயிலும் மழையும் ஆகாது.

கோயம்புத்தூரில் பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கம் இந்த வகையினர் தாராளமாகக் கிடைப்பார்கள். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடம் 1926-ல் தொடங்கியது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பஞ்சாலை, மோட்டார், பம்ப் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வளர, தெருவுக்குத் தெரு லேத் பட்டறை வந்தது. வாழ்நாள் முழுக்க அந்த லேத்துகளை ஓட்டியவர்கள் ஓய்வுபெற்றதும் பேரனை வேனில் ஏற்றிவிட்டு, பேப்பர் படித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது, அவர்கள் பெற்ற பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

லேத் வாங்கும்போது வீட்டாரிடம் சொல்லப்படும் காரணம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: வீட்டுக்கான சில்லறை வேலைகளை நாமே செய்துகொள்ளலாம். அந்தச் சில்லறை வேலை கேட்டின் தாழ்ப்பாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டையில் 8 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டால் முடிந்துவிடும். பத்து நிமிட வேலை.

ஆனால் ஓட்டை போடுமுன் இடத்தைக் குறிக்க வேண்டும். கோடு கிழிக்க ஸ்கிரைபர் வேண்டும். கோடுகள் வெட்டும் இடத்தில் புள்ளி வைக்க 60 டிகிரி முனையில் ஒரு பஞ்ச், டிரில் வழுக்காமல் இறங்க அந்தப் புள்ளியை அகலப்படுத்த 90 டிகிரியில் சென்டர் பஞ்ச் இன்னொன்று. இரண்டும் ஹார்டுவேர் கடையில் தொங்குகின்றன. கடைப் பஞ்சை அவர் வாங்கிப் பார்த்திருக்கிறார். முனை நடுவில் இல்லை. எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை டயல் வைத்து அளந்து, தாளில் எழுதி, யாராவது கேட்டால் காட்டுவதற்காகப் பத்திரப்படுத்தியும் இருக்கிறார். ஆகவே பஞ்சைத் தாமே செய்ய வேண்டியதாகிறது.

செய்கிற பஞ்ச் விரலில் வழுக்கக் கூடாது. உடம்பில் நர்லிங் என்ற சொரசொரப்பு வரிகள் போட வேண்டும். சாதாரண நர்லிங் டூல் ஜாபை ஒரு பக்கமிருந்து அழுத்தும். சின்ன லேத்தின் பேரிங்குக்கு அது ஆகாது. மேலும் கீழுமாக இரண்டு சக்கரம் பிடித்து நெருக்கும் வகை நல்லது. அதைச் செய்ய இரண்டு கைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஓட்டை போட வேண்டும். சேர்த்துப் பிடிக்க டூல்மேக்கர்ஸ் கிளாம்ப் வேண்டும். கிளாம்புக்கு மரை வெட்ட டேப் வேண்டும், டேப்பைத் திருப்ப ரெஞ்ச் வேண்டும், டேப் சாயாமல் இறங்க வழிகாட்டிக் கட்டை ஒன்று வேண்டும். தாழ்ப்பாள் இப்போது வரிசையில் எட்டாவது இடத்தில் நிற்கிறது.

“ஏனுங்க, அந்தக் கேட்டுத் தாழ்ப்பாள் எப்பத்தானுங்க ஆகும்?”

“அதுக்குத்தானே அம்மிணி டூலு பண்ணிட்டிருக்கறன்.”

இந்தப் பதிலில் பொய் ஒரு துளியும் கிடையாது என்பதுதான் வீட்டாருக்குப் பெரிய இடைஞ்சல்.

மூலப்பொருளை அவர் புதிதாக வாங்குவது அபூர்வம். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு மஞ்சள் பையோடு போவார். கடைக்காரருக்கு அது எடைக்குப் போடும் துரு. இவருக்கு ஒவ்வொன்றுக்கும் குலம் கோத்திரம் உண்டு. பஞ்சாலை ரிங் ஃபிரேமிலிருந்து கழற்றிய ஸ்பிண்டில் என்றால் பேரிங் இரும்பு; ஸ்கிரைபருக்கும் பஞ்சுக்கும் ஆகும். தேய்ந்த அரம் என்றால் கரி மிகுந்த எஃகு. பல்லைச் சாணையில் அழித்து முனையைத் தீட்டினால் சுரண்டி ஆகிவிடும். அரத்தைச் சுத்தியால் அடிக்கிற எந்த வேலைக்கும் போடக் கூடாது, சில்லாகத் தெறிக்கும் என்பதைக் கடைக்கு வந்த முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்லி வைப்பார். பையில் என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டால் தக்காளி விலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

தொழிலின் உச்சம் துவைச்சல். வெள்ளி ஒரு குன்றிமணி கூட இல்லாத சில்வர் ஸ்டீல் கம்பியில் கடைந்த ஸ்கிரைபரைச் செக்கச் செவேலென்று காய்ச்சி, தண்ணீரில் நட்டுக்குத்தாக விட்டு ஆட்ட வேண்டும். எந்தச் சிவப்பு என்பதில் கண் ஏமாறும்; ஆகவே காந்தம். 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை விட்டுவிடும். அதற்குமேல் இன்னும் கொஞ்சம் காய்ச்சினால் போதும். தண்ணீரில் விட்டெடுத்த ஸ்கிரைபர் கண்ணாடியைக் கீறும், கீழே விழுந்தால் ஒடியவும் ஒடியும். அந்த முறுக்கைச் சற்றுக் குறைக்க மறுபடி மெல்லச் சூடாக்க வேண்டும். பளபளவென்று தேய்த்து வைத்த பரப்பில் நிறங்கள் ஓடும்: 230 டிகிரியில் வெளிர் வைக்கோல், 260-ல் பழுப்பு, 300-ல் நீலம். ஸ்கிரைபருக்கு வைக்கோல் நிறத்தோடு நிறுத்த வேண்டும், நீலம் ஸ்பிரிங்குக்கானது.

இவ்வளவு சீராகச் சூடு தரும் அடுப்பு உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு என்பது இவர் முடிவு. அது சமையலறையில் இருக்கிறது. தோசைக்கல்லில் மெல்லிய மணல் பரப்பி, மேலே ஸ்கிரைபரைக் கிடத்தி, அடுப்பைச் சிறுதீயில் வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து நிற்பவரை அந்நேரத்தில் கூப்பிட்டால் பதில் வராது. நிறம் வைக்கோலுக்கு வந்து பழுப்புக்குத் திரும்புமுன் கிடுக்கியால் தூக்கிவிட வேண்டும். கண் சிமிட்டினால் போயிற்று. வேலை அற்புதமாக முடியும். மறுநாள் தோசை நறநறவென்று இருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கல் பட்டறைக்கு நிரந்தரமாகக் குடிபெயரும், வீட்டுக்குப் புதுக்கல் வரும். சொந்தக் கருவியின் அடக்க விலையில் இந்தச் செலவு சேர்க்கப்படுவதில்லை.

இந்தக் கிறுக்குக்குப் பெரிய இடத்துப் பரம்பரை உண்டு. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தியவர். தம் பட்டறைக்கென்று மைக்ரோமீட்டர் ஒன்றையும் செய்து வைத்துக்கொண்டு, அதற்கு ‘லார்டு சான்சலர்’ என்று அன்று அந்நாட்டு நீதித்துறைக்குத் தலைவராக இருந்தவரின் பதவிப் பெயரைச் சூட்டினார். அளவில் தகராறு வந்தால் அதன் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், சமதளத் தட்டு செய்யும் முறையை 1840-ல் விளக்கினார். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டினால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் கச்சிதமாகப் பொருந்திவிடலாம். மூன்று தட்டுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டால் அந்த ஏமாற்று நடக்காது. மூன்றும் எல்லா ஜோடியிலும் பொருந்தினால் மூன்றும் சமம். எந்த முன்மாதிரியும் இல்லாமல், கையால் மட்டும் துல்லியத்தைப் பிறப்பிக்கும் வழி இது. தொழிற்சாலை நாகரிகமே கருவிக்குக் கருவி செய்தவர்களால் வந்தது என்று நம்மவர் வாதிட்டால், வரலாறு அவர் பக்கம்தான். அவர்கள் அந்தக் கருவியை வைத்துப் பிறகு கப்பல் இயந்திரமும் செய்தார்கள் என்பதை மட்டும் அவர் விட்டுவிடுவார்.

மூன்று தட்டு முறையில் இறங்கிய வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். எங்கே மேடு என்று காட்டுவதற்காகத் தட்டில் தடவும் நீலம் துண்டிலும், கதவுக் கைப்பிடியிலும், பேத்தியின் கன்னத்திலும் இருக்கும்.

செய்த கருவிக்குச் சான்றிதழ் தர ஒருவரால்தான் முடியும்: வேறு கம்பெனி டூல் ரூமிலிருந்து ஓய்வுபெற்ற இன்னொருவர். அவர் வந்ததும் காபிக்கு முன்பே கிளாம்ப் கையில் கொடுக்கப்படும். நடுத்திருகு இரண்டு தாடைகளையும் இழுத்துப் பிடிக்க, பின்திருகு வாலை விரித்துத் தள்ள, முன்வாய் கவ்வுகிறதா என்று திருகிப் பார்ப்பார். விளக்குக்கு எதிரே தூக்கி, தாடைகளுக்கிடையே வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பிசிறு தேடுவார். கடைசியில், “பரவால்லீங்” என்பார். இந்த வட்டாரத்தில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. கேட்டவர் அன்றிரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார்.

நியாயமாகச் சொன்னால், இவர் செய்கிறவற்றில் பாதி, செய்யத் தகுந்தவையே. கிளாம்ப், டேப் வழிகாட்டி, பித்தளைத் தலைச் சுத்தி, ஸ்கிரைபர் போன்றவற்றைக் கைக்கு ஏற்ற நீளத்தில், ஜாபுக்கு ஏற்ற வடிவத்தில் வீட்டில் செய்துகொள்ளலாம். கடைச் சரக்கு அருகில் நிற்காது. டிரில், டேப், அரம், மைக்ரோமீட்டர் ஆகியவற்றை விலைக்கு வாங்குவதே அறிவு. இதை அவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் வாங்கிய அரத்துக்குக் கடையில் கொடுத்த பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு பிடி கடைந்து போட்ட பிறகுதான் அது பட்டறைக்குள் நுழையலாம்.

அவரிடம் கருவி இரவல் கேட்கலாமா என்ற ஐயம் அக்கம்பக்கத்தாருக்கு உண்டு. தாராளமாகக் கேட்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டார். இருப்பதைத் தரவும் மாட்டார். உங்களுக்கென்றே புதிதாக ஒன்று செய்து தருவதாகச் சொல்வார், அதற்கு முதலில் ஒரு ஜிக் செய்ய வேண்டியிருக்கும். வேலை அவசரமென்றால் ஹார்டுவேர் கடை இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கிறது.