மூன்று புள்ளி, மூன்று வரிசை: பூட்டிய கைபேசியும் மறந்த விரலும் குறித்த ஓர் ஆய்வு

பாயிரம் சொல்லாமல் நூல் தொடங்கக் கூடாது என்பது நம் மரபு. ஆகவே பாயிரம். இவ்வாய்வின் களம் திருவள்ளூர் மாவட்டம். குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும், அங்கே ஷிப்டுக்குப் போகிறவர்களைச் சுமந்து செல்லும் புறநகர் ரயிலும். ஆய்வுப் பொருள் என் அக்கா மகன். மீஞ்சூரில் வீடு, ரோலிங் மில் ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. ஆய்வுக் கருவி 2021இல் தவணையில் வாங்கிய அவனுடைய ஆண்ட்ராய்டு போன். நிதி நல்கியவர் என் அக்கா. நல்கை டீயாகவும் முறுக்காகவும் வந்து சேர்ந்தது.

நடந்தது இது. போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போனது. ஜி.என்.டி. ரோட்டில் ஒரு கடையில் கொடுத்து மாற்றினான். புது டிஸ்ப்ளே போட்டு ஆன் செய்ததும் கடைக்காரத் தம்பி ரசீதுத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒன்பது புள்ளி வைத்து, பேனாவை நீட்டினான். “பேட்டர்ன் போட்டுக் குடுங்கண்ணே, டச் ஒர்க் ஆகுதான்னு பாக்கணும்.” மருமகன் பேனாவை வாங்கினான். முதல் புள்ளியில் வைத்தான். எடுத்தான். மூன்றாம் புள்ளியில் வைத்தான். எடுத்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கோலம் அந்த நொடியில் அவனை விட்டுப் போய்விட்டது.

“இன்னாண்ணே, உங்க போன்தானா?” என்று தம்பி கேட்டது அவனுக்கு இன்றுவரை ஆறவில்லை.

போன் போனால் போகட்டும் என்று விட முடியாத நிலை. உள்ளே நாற்பத்தொரு படங்கள் இருந்தன. மூன்று மாத ஓ.டி. கணக்கு. சூப்பர்வைசர் நோட்டில் எழுதுவதை அன்றன்றே படம் பிடித்து வைத்துக்கொள்வது அவன் வழக்கம். மாதக் கடைசியில் “நீ எங்கப்பா ஓ.டி. பாத்தே?” என்று ஒரு குரல் கேட்கும், அப்போது காட்டுவதற்கு. சிப்காட்டில் வேலை பார்க்கிறவனுக்குப் போன் என்பது பேசும் கருவி என்பதைவிட, சாட்சி சொல்லும் கருவி.

இனி ஆய்வு. மறந்தது யார் என்பதே முதல் கேள்வி. தலையா, கையா? என் கருதுகோள், தலைக்கு அந்தக் கோலம் எப்போதுமே தெரிந்திருக்கவில்லை என்பது. சமையலில் இதைக் கைப்பக்குவம் என்கிறோம். என் அக்கா ரசத்துக்கு உப்பை அள்ளிப் போடுவாள், கச்சிதமாக இருக்கும். ஒருமுறை “எத்தனை ஸ்பூன்?” என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் யோசித்தாள். அன்றைய ரசம் கடல். கைக்குத் தெரிந்ததைத் தலையிடம் விசாரித்தால் இரண்டும் கைவிரிக்கும். கடைக்காரத் தம்பி பேனாவை நீட்டியது இதே குற்றம்.

கோலங்களின் எண்ணிக்கைக்கு வருவோம். வாசலில் மூன்று புள்ளி மூன்று வரிசை என்றால் அது அவசரத்துக்குப் போடுகிற கோலம். மார்கழியில் அதைப் போட்டால் எதிர்வீட்டுக்காரி சிரிப்பாள். ஆனால் ஆண்ட்ராய்டின் விதிப்படி, குறைந்தது நான்கு புள்ளி தொட வேண்டும், தொட்டதை மறுபடி தொடக் கூடாது, இடையில் இருக்கும் புள்ளியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது (அது ஏற்கெனவே தொட்டதாக இருந்தால் மட்டும் குதிக்கலாம்) என்று எண்ணினால் வரக்கூடிய கோலங்கள் மொத்தம் 3,89,112. நான்கு புள்ளிக் கோலங்கள் வெறும் 1,624. எட்டுப் புள்ளியில் 1,40,704. ஒன்பது புள்ளியிலும் அதே 1,40,704. எட்டைத் தொட்டவனுக்கு மிச்சம் ஒரே ஒரு புள்ளிதானே, வேறு வழி ஏது?

இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதென்றால் எவ்வளவு காலம் ஆகும்? இதற்கு ஒரு நூற்பா செய்திருக்கிறேன்.

ஐந்து பிழைப்பின் அரைநிமிடம் நிற்க;
மீண்டும் பிழைப்பின் மீண்டும் நிற்க.

உரை: ‘ஐந்து’ என்றது தவறான கோலங்களை. ‘நிற்க’ என்றது போனை அன்று, போன்காரனை. ‘மீண்டும்’ இருமுறை வந்தது அவனது நிலை கருதி. இதன்படி ஐந்து தவறுக்கு முப்பது நொடித் தண்டனை என்று வைத்துக் கணக்கிட்டால், 3,89,112 கோலங்களுக்கும் காத்திருக்க வேண்டிய நேரம் 23 லட்சத்து 34 ஆயிரம் நொடிகளுக்குச் சற்று மேல். அதாவது ஏறத்தாழ 27 நாட்கள். நட்சத்திரமும் 27! அசுவினியில் தொடங்கினால் ரேவதியில் போன் திறக்கும். சோதிடர்கள் இந்தப் பொருத்தத்தை இதுவரை கவனிக்காதது வியப்பு. கோலம் போடும் நேரத்தையும், தவறு கூடக் கூடப் போன் தண்டனையை நீட்டிக்கொண்டே போகும் என்பதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் பொருத்தம் கெட்டுவிடும். பொருத்தம் கெடுகிற எண்களை விட்டுவிடுவது ஆய்வுலகில் புதிதல்ல.

முன்னோர் ஆய்வுகளையும் புரட்டினேன். 2010இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார், திரையில் படிந்த விரல் எண்ணெய்த் தடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தாலே கோலத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நிறுவினார்கள். அக்கா வீட்டு டியூப்லைட்டின் கீழ் போனைச் சாய்த்துப் பார்த்தோம். டிஸ்ப்ளேதான் புதிதாயிற்றே, பழைய தடம் எங்கே இருக்கும் என்று அக்கா கேட்டாள். ஆய்வுக்கு நிதி தருபவர்கள் இப்படி நடுவில் பேசக் கூடாது. பழைய டிஸ்ப்ளேயைக் கடைக் குப்பையிலிருந்து கேட்டு வாங்கி வந்து அதையும் சாய்த்தோம். கிரீஸ், இரும்புத் தூசி, அதன் நடுவே கீழிருந்து மேலாக ஒரே ஒரு பட்டைத் தடம். ரீல்ஸ் தள்ளிய தடம். பென்சில்வேனியாக்காரர்கள் ரோலிங் மில்லில் இரவு ஷிப்டு பார்த்தவனின் போனை எடுத்துச் சோதித்திருந்தால் அவர்களுடைய கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நார்வேயைச் சேர்ந்த மார்த்தே லோகே 2015இல் ஏறத்தாழ 4,000 கோலங்களைத் திரட்டிப் பார்த்தார். 44 சதவீதம் இடது மேல் மூலையில் தொடங்கின. பத்தில் ஒன்றுக்கும் மேல் ஏதோ ஓர் எழுத்தின் வடிவம். இதைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தேன். நம் எழுத்துகளில் ஒன்பது புள்ளிக்குள் கையெடுக்காமல் எளிதாக அடங்குபவை ‘ட’வும் ‘ப’வும். ஆகவே திருடர்கள் முதலில் முயல வேண்டியவை இவையே. பிள்ளையார் சுழி போட முடியாது. சுழிக்கப் போனால் தொட்ட புள்ளியைத் திரும்பத் தொட நேரும். ‘ழ’கரமும் முடியாது. மொழியின் சிறப்பெழுத்து பாதுகாப்புக்கு உதவாமல் போனது வருத்தம்தான். மருமகன் ‘ட’ போட்டான், ‘ப’ போட்டான், முப்பது நொடி நின்றான்.

மறுநாள் மறுபடி கடைக்குப் போனோம். தம்பி போனைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். “ரீசெட் அடிச்சா போன் வந்துரும்ணே. உள்ள இருக்குறது வராது.” உள்ளே இருப்பது எங்கே போகும் என்று கேட்டேன். “எங்கயும் போவாது சார். உள்ளதான் இருக்கும். ஆனா இல்ல.” வைணவம் வேர்விட்ட மாவட்டத்தில் நின்றுகொண்டு ஒருவன் சங்கரர் மாதிரிப் பேசுவதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அவன் சொன்னது அறிவியல். முன்பெல்லாம் போனிலோ மெமரி கார்டிலோ ஒன்றை அழித்தால், பொருளடக்கத்தில் அதன் பெயரை மட்டும் அடிப்பார்கள். பக்கம் அப்படியே கிடக்கும், அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை. அழிந்ததை மீட்டுத் தருகிறோம் என்று போர்டு வைத்தவர்கள் பிழைத்தது இந்த இடைவெளியில்தான். அடித்த பெயரைப் பொருட்படுத்தாமல் பக்கம் பக்கமாகத் தேடி எடுத்துவிடுவார்கள். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10க்குப் பிறகு புதுப் போன் எதுவும் உள்ளே இருப்பதைச் சங்கேதமாக்கித்தான் வைத்தாக வேண்டும். அந்தச் சங்கேதத்தின் சாவி நம் கோலத்தோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. ரீசெட் அடித்தால் சாவி போய்விடும். பக்கம் மிஞ்சினாலும் சிந்துவெளி முத்திரை மாதிரி பார்க்கலாம், படிக்க முடியாது. முத்திரைக்காவது நாலு அறிஞர் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஓ.டி. நோட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

இங்கே ஆய்வு சற்றுத் திருவள்ளூர் ஊருக்குள் நுழைகிறது; நான் அங்கே குடியிருப்பது மட்டும் காரணமல்ல. சேமிப்பிடச் சிக்கலின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட தலம் உலகில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தலபுராணப்படி சாலிஹோத்திர முனிவரிடம் முதியவர் ஒருவர் பசியோடு வந்தார். முனிவர் தமக்கு வைத்திருந்த மாவைக் கொடுத்தார். போதவில்லை, மிச்சத்தையும் கொடுத்தார். உண்டு முடித்த களைப்பில் முதியவர் கேட்டாராம்: படுப்பதற்கு எவ்வுள்? எந்த அறை? முனிவர் தம் அறையைக் காட்ட, படுத்தவர் வீரராகவப் பெருமாள். இன்றும் எழவில்லை. ஊர் திருஎவ்வுள் ஆயிற்று. ‘எவ்வுள்’ என்ற கேள்வியைத்தான் போன்கள் இன்று ‘இடம் போதவில்லை’ என்று வேறு சொற்களில் கேட்கின்றன. 2018 ஜனவரியில், இந்தியர்கள் விடிந்ததும் அனுப்பிக்கொள்ளும் காலை வணக்கப் படங்களால் போன்கள் நிரம்பி வழிவதைக் கூகுள்காரர்கள் கண்டறிந்த செய்தி வந்தது. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் மூவரில் ஒருவருக்குத் தினமும் இடம் தீர்ந்துபோகிறது என்ற கணக்கும் அதில் இருந்தது. வந்தவர் பெருமாளாக இருந்தால் அறையைக் கொடுக்கலாம். வருவது ரோஜாப்பூ.

கோவில் குளம் ஹிருத்தாபநாசினி. அமாவாசையன்று அதில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. போனில் அழித்த படம் பெரும்பாலும் முப்பது நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். கரைத்த வெல்லத்துக்கு அந்த வசதி கிடையாது. என் அக்கா வெல்லம் வேண்டிக்கொண்டதோடு நிற்காமல், நோயுற்ற உறுப்பின் உருவம் பதித்த தகடு செலுத்தும் வழக்கத்தையும் கையில் எடுத்தாள். கடைத்தெருவில் கண், கால், வயிறு எல்லாம் இருந்தன. போன் உருவத்தில் தகடு உண்டா என்று கேட்டாள். இல்லை. சிறிது யோசித்துவிட்டு, ‘கை’ தகடு வாங்கினாள். என் கருதுகோளுக்குக் கிடைத்த முதல் சுதந்திரமான ஆதரவு அது.

இதே மாவட்டத்தில் பூண்டி அருகே அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டுபிடித்த கற்கால இடம். பின்னாளில் சாந்தி பப்புவின் குழு அகழ்ந்து, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் அறிவித்தது. போன் சேமிப்பின் அடிப்படையான ஃப்ளாஷ் மெமரியை ஜப்பானின் ஃபுஜியோ மசுவோகா தோஷிபாவில் இருந்தபோது 1980களில் உருவாக்கினார். அதில் தகவல் என்பது சிறைப்பட்ட மின்னூட்டம். ஆண்டுகள் செல்லச் செல்லக் கசியும். கல்லில் கசிவு இல்லை, கோலமும் கேட்பதில்லை. செதுக்கியவன் கை எப்படிப் போனது என்பதைச் சில்லுகளைப் பார்த்தே சொல்கிறார்கள். அவனிடம் பேனாவைக் கொடுத்து, எப்படிச் செதுக்கினாய், வரைந்து காட்டு என்றிருந்தால் அவனும் திருதிருவென்று விழித்திருப்பான்.

விடை கிடைத்தது நான்காம் நாள், ஆய்வாளர் உறங்கிக்கொண்டிருந்த விடிகாலையில். மருமகன் மீஞ்சூரில் சூலூர்ப்பேட்டை வண்டியில் ஏறினான். கதவோரம் நின்றபடி, இடது தோளில் டிபன் பை, ஒரு கையால் கம்பி, மறுகையில் போன். அனுப்பம்பட்டு தாண்டும்போது உள்ளே ஓர் இடம் காலியாகிற மாதிரி இருந்ததாம். அதைப் பார்த்துக்கொண்டே, பழக்கத்தில், கட்டை விரலால் இழுத்திருக்கிறான். போன் திறந்துகொண்டது.

கட்டை விரல்! மூன்று நாளாக நாங்கள் போனை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் தேடிக்கொண்டிருந்தோம். அந்தக் கோலம் ஆள்காட்டி விரலுக்கு அறிமுகமே இல்லாதது.

ஆனால் என்ன போட்டோம் என்பது அவனுக்கு அப்போதும் தெரியவில்லை. முப்பது நொடி தொடாவிட்டால் திரை அணைந்துவிடும். அணைந்தால் மறுபடி விரலை நம்ப வேண்டும். தடவிக்கொண்டே நின்றான். பொன்னேரி, கவரைப்பேட்டை போயின. கும்மிடிப்பூண்டியில் ஏறக்குறைய எல்லோரும் இறங்கினார்கள். கூட்டத்தில் போன் கைநழுவிவிடும் என்று பயந்து இவன் இறங்கவில்லை. எளாவூரில், பக்கத்தில் நின்ற ஒடிசாக்காரர் போனை வாங்கி என்னைக் கூப்பிட்டான்.

“மாமா, தொறந்துடுச்சு! பேட்டர்னை எப்பிடி மாத்தறது?”

செட்டிங்ஸுக்குள் போகச் சொன்னேன். சிறிது நேரம் ரயில் சத்தம் மட்டும் கேட்டது.

“பழைய பேட்டர்னைப் போடச் சொல்லுது மாமா.”

சரி, படங்களையாவது உடனே எனக்கு அனுப்பு என்றேன். ஆரம்பாக்கத்தில் அனுப்பினான். என் போனில் நாற்பத்தொரு சாம்பல் சதுரங்கள் வந்து நின்றன. தொட்டால் ‘இடம் போதவில்லை’. “எறங்கிடுச்சா மாமா? பாத்துச் சொல்லு, நான் தடவினே இருக்கேன்.” தடா வந்தது, வண்டி ஆந்திராவுக்குள் போய்விட்டது. நான் படுக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ரோஜாக்களை அழிக்கத் தொடங்கினேன். அக்கம்பேட்டை தாண்டியபோது 2019ஆம் ஆண்டுப் பொங்கல் வாழ்த்துகளில் இருந்தேன்.