கையெழுத்தே தலையெழுத்தான தொகுதி

கேள்வி: இல்லினாய் மாநில செனட்டின் 13-ஆம் தொகுதி ஏன் இத்தனை புகழ் பெற்றது?

பதில்: சிகாகோவின் தெற்குப் பகுதியிலுள்ள இத்தொகுதியின் உறுப்பினரான ஆலிஸ் பாமர், 1995-இல் தேசிய நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போட்டியிடப் புறப்பட்டபோது, காலியாகவிருந்த நாற்காலிக்குப் பின்னாளில் அமெரிக்க அதிபரான பராக் ஒபாமா முன்வந்தார். அங்கே தோற்ற பாமர் பழைய இடத்துக்கே திரும்ப, ஒபாமா தரப்போ போட்டியாளர்களின் வேட்புமனுக்களில் இணைத்திருந்த வாக்காளர் கையெழுத்துகளைத் துருவித் துருவிச் சரிபார்த்தது. கையொப்பமாக இடாமல் தனித்தனி எழுத்துகளாக எழுதப்பட்ட பெயர்கூடச் செல்லாதென்றாக, பாமரும் மற்ற மூவரும் களத்திலிருந்து நீங்கினர். 1996-இன் முதற்கட்டத் தேர்தலில், அதாவது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தெரிவுசெய்யும் சுற்றில், ஒபாமா தம்மை எதிர்த்தே வெல்ல வேண்டியிருந்தது.

அடுத்து வந்த எல்லை மறுவரையறை, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டித் தொகுதிகளைத் திருத்தி வரைதல், 13-ஆம் தொகுதியை ஏரிக்கரையோரமாக வடக்கே நீட்டி, செல்வந்தர் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொண்டது. தேர்தல் நிதி திரட்டுவோர்க்கு இதைவிட இனிய புவியியல் பாடம் இல்லை. 2004-இல் ஒபாமா தேசிய செனட்டுக்குச் செல்ல, அவ்விடத்தில் நியமிக்கப்பட்ட குவாமி ரவூல் 2019-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞரானார்.