கேட்டதும் சொன்னதும்: ஊஞ்சல் இருக்கிறது, குழந்தையைக் காணோம்

ஹாஃப்-லைஃப் 3 எப்போது வரும்?
*(வாசகர், குரோம்பேட்டை)*

வருகிற அன்று இந்தப் பத்திக்கு லீவு. அதை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏலியனைச் சுட்டுத்தள்ளும் கேமுக்குக் கதை எதற்கு? என் தம்பி ராத்திரியெல்லாம் 'லோர்... லோர்...' என்று உயிரை எடுக்கிறான்.
*(வாசகி, சேலையூர்)*

தம்பியைத் திட்டாதீர்கள், அவன் நல்ல வாசகன். லோர் என்பது கேமின் ஓரங்களில் ஒளிந்திருக்கும் பின்கதை. 2004-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஹாஃப்-லைஃப் 2 தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன விளையாட்டுத் திடல் வரும். சீசா, ஊஞ்சல் எல்லாம் இருக்கும். கிட்டே போனால் எங்கோ குழந்தைகள் சிரிக்கிற சத்தம் மெல்லக் கேட்கும், ஆனால் திடலில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அங்கே நமக்கு வேலை எதுவும் கிடையாது, பாயிண்ட்டும் கிடையாது. திரும்பிப் பார்க்காமலே கடந்து போகலாம். நின்று பார்த்தவருக்குத்தான், வந்த வழியெல்லாம் ஒரு குழந்தையைக்கூடக் காணவில்லையே என்று உறைக்கும். காரணம் தெருத்திரையில் வருகிறது. பூமியை ஆக்கிரமித்தவர்களின் கையாள் டாக்டர் பிரீன், ஒரு குடிமகனின் கடிதத்துக்குத் திரையில் பதில் சொல்கிறார். மனிதர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் ஏன் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பது கேள்வி. ஆமாம், அந்த மனுஷன் நடத்துவதும் கேள்வி-பதில் பத்திதான்! ஒரு இனத்தையே கருவறுக்கிற செய்தியை வாசகர் கடிதத்துக்குப் பதிலாக, இதமான குரலில், தகப்பன் மாதிரிச் சொல்லி முடிக்கிறார். அதைக் கேட்டபின் ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டது கேம் இல்லை, உங்கள் தம்பி. இருண்ட கதையை ஓரத்தில் வைப்பதன் பலம் இதுதான்: யாரோ சொல்லிக் கேட்ட கொடுமை மறந்துபோகும், தானே கண்டுபிடித்த கொடுமை தூங்க விடாது. அவன் ராத்திரியெல்லாம் புலம்புவதற்கும் அதுவே காரணம்.

பிடித்த ஆயுதம்?
*(வாசகர், வண்டலூர்)*

ஹாஃப்-லைஃப் 2-இன் கிராவிட்டி கன். கிடக்கிற ரேடியேட்டரைத் தூக்கி வீசினால் போதும், தோட்டாச் செலவு மிச்சம்.

கதையை இப்படி ஓரத்தில் ஒளித்துவைத்தால் பாதிப் பேர் பார்க்கவே மாட்டார்கள். நேராகச் சொல்லத் தெரியாத எழுத்தாளரின் சோம்பல்தானே இது?
*(வாசகர், மேடவாக்கம்)*

பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மை. சோம்பல் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சோம்பேறி எழுத்தாளர் என்ன செய்வார் தெரியுமா? கண்ட்ரோலரை நம் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, பத்து நிமிட கட்சீனில் ஒரு தாடிக்காரரை நிற்கவைத்துப் பூர்வகதை முழுவதையும் ஒப்பிக்க வைப்பார். அதில் உழைப்பும் இல்லை, நம் மேல் நம்பிக்கையும் இல்லை. போர்ட்டல் (2007) என்ற கேம் செய்ததைப் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளைச் சுவர், சோதனை அறைகள், கிண்டலாகப் பேசும் கிளாடோஸ் என்ற கணினி. சிரித்துக்கொண்டே புதிர்களை முடிக்கலாம். ஆனால் சில அறைகளில் ஒரு சுவர்ப்பலகை சற்று விலகியிருக்கும். உள்ளே புகுந்தால் அழுக்கு, காலி டின்கள், சுவர் நிறையக் கிறுக்கல். கிளாடோஸின் விஷவாயுவுக்குத் தப்பிய ஊழியர் ஒருவர் அங்கே ஒளிந்து வாழ்ந்திருக்கிறார். இந்த கேமை எழுதியவர்கள் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு கதை எழுதியிருக்கிறார்கள், இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல். வெள்ளைச் சுவர் அத்தனை வெள்ளையாக இருந்தால்தான் அந்தப் பொந்து பயமுறுத்தும். பொந்தில் இருப்பதை முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டால் கிளாடோஸின் நகைச்சுவையும் போச்சு, பயமும் போச்சு.

இன்னொன்றும் உண்டு. அதே கேம் ஒரு பெட்டியைக் கொடுத்து, அதை நமக்குப் பிரியமானதாக்கி, பிறகு நம் கையாலேயே உலையில் போடச் சொல்கிறது. போடாமல் கதவு திறக்காது. நாவலில் வில்லன் செய்வதை நாம் படிக்கிறோம், இங்கே செய்கிறவர் நாம். இப்படி நம்மைக் கூட்டாளியாக்குகிற கலைக்கு இருட்டைப் பற்றிப் பேச அருகதை அதிகம் என்பது என் முடிவு.

லோர் ரசிகர்கள் இல்லாததையெல்லாம் கட்டிவிடுகிறார்களே?
*(வாசகி, சிட்லபாக்கம்)*

கட்டுகிறார்கள், அதற்காக எல்லாமே கட்டுக்கதை ஆகிவிடாது. உரைகல் ஒன்றுதான்: கேமுக்குள் பொருளாகச் சான்று இருக்கிறதா? போர்ட்டல் 2-இல் (2011) ஒரு பாழடைந்த கூடம் வரும். ஊழியர்கள் வேலைக்கு மகள்களை அழைத்துவந்த நாளின் அறிவியல் கண்காட்சி, வரிசையாக உருளைக்கிழங்கு பேட்டரிகள். அதில் ஒரு கிழங்கு மட்டும் கூரை முட்டச் செடியாக வளர்ந்திருக்கிறது. அதன் அட்டையில் எழுதிய சிறுமியின் பெயர் செல். நாம் இதுவரை ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் பெயரும் அதுவே. இந்த ஆய்வுக்கூடத்துக்கு அவள் குழந்தையாகவே வந்துவிட்டாள் என்று இதிலிருந்து நினைப்பது நியாயமான ஊகம். கிளாடோஸுக்குள் இருப்பது கரோலின் என்ற செயலாளரின் மனம் என்பதை ஆய்வுக்கூட நிறுவனர் கேவ் ஜான்சனின் ஒலிப்பதிவிலிருந்து தேற்றலாம். அவள் மறுத்தாலும் விடாதீர்கள் என்று உத்தரவிட்டிருக்கிறார் அந்த மனிதர். இதுவும் சான்று. ஆனால் செல் அந்தக் கரோலினின் மகள் என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறதே, அதற்கு கேமில் நேரான ஆதாரம் எதுவும் இல்லை. ஆசைப்படலாம், அடித்துப் பேசக் கூடாது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. தமிழில் யார் இப்படி எழுதினார்கள்?
*(வாசகர், முடிச்சூர்)*

சுஜாதா. 1980-களில், ஆனந்த விகடனில், தொடர்கதையாக. 'என் இனிய இயந்திரா' என்றதும் எல்லாருக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி நினைவுக்கு வரும். அதன் வாய்த்துடுக்கு அப்படி. நாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் கதையைப் பாருங்கள். 2021-இல் நடக்கிறது. பெயர், வீடு, ஆயுள் எல்லாவற்றையும் அரசாங்கமே தீர்மானிக்கிறது. பிள்ளை பெறவும் அனுமதி வேண்டும். நிலாவுக்கு அந்த அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் கதை தொடங்குகிறது, அவள் கணவன் சிபி காணாமல் போகிறான். நாட்டையே ஆட்டிவைக்கும் ஜீவா என்ற சர்வாதிகாரி வெறும் ஹோலோகிராம் பிம்பம். பிரீனின் தெருத்திரையும், பிள்ளை இல்லாத ஊரும் பல வருடம் முன்னாலேயே விகடன் பக்கங்களில் இருந்திருக்கின்றன. கிளாடோஸின் கிண்டலுக்குப் பின்னால் விஷவாயு மாதிரி, ஜீனோவின் கிண்டலுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

வாரப் பத்திரிகைத் தொடராக இதை அடுக்களையிலிருந்து ஆபீஸ் வரை எல்லாரும் படித்தார்கள், யாரும் மிரண்டு ஓடவில்லை. 'மீண்டும் ஜீனோ'வில் நிலாவே ராணி, ஆனால் நூலைப் பிடித்து ஆட்டுகிறவர்கள் ரவி, மனோ என்ற இருவர். பிம்பம் போனால் பொம்மை வரும் என்று இரண்டாம் பாகத்திலேயே சொல்லிவிட்டார். ஜீவாவின் ஊரை கேமாக்கி, அந்தச் சட்டங்களை வசனத்தில் சொல்லாமல் வீட்டுச் சுவர்களிலும் காலி அறைகளிலும் ஒளித்துவைக்க இங்கே ஒரு குழு முன்வர வேண்டும். உரிமை வாங்கிச் செய்யுங்கள், கூடவே எனக்கு ஒரு காப்பி.

எங்கள் பக்கம் ஏதாவது லோர் உண்டா?
*(வாசகர், பல்லாவரம்)*

உங்கள் ஊர்தான் அதில் இந்தியாவுக்கே பெரியண்ணன். 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் கிடந்த கல்லை எடுத்துப் பார்த்து, அது பழங்கற்கால மனிதர் செய்த கைக்கோடரி என்று கண்டுகொண்டார். இந்தியாவின் கற்கால ஆய்வு அங்கே தொடங்குகிறது. அந்தச் சரளையை எத்தனையோ பேர் மிதித்துப் போயிருப்பார்கள். கேமில் ஊஞ்சலைக் கடந்து ஓடுகிறவர்களும் இப்படித்தான். மேடவாக்கம் வாசகர் கேட்டதற்கு இதுவும் பதில்: பலர் பார்க்காமல் போவது கல்லின் குறையாகாது.

விளக்க வீடியோ பார்த்தால் போதாதா?
*(வாசகர், ஊரப்பாக்கம்)*

போதாது. அடுத்தவர் கண்டுபிடித்தது உங்களுக்குச் செய்தி, அவ்வளவுதான்.

பையனுக்குப் பதின்மூன்று வயது. இவ்வளவு இருட்டான கதைகளை ஆட விடலாமா?
*(ஒரு தாய், பெருங்களத்தூர்)*

அம்மா, இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பு ஹாஃப்-லைஃப் 2-க்கு 17 வயது என்றது, போர்ட்டல் 2-க்குப் பத்து வயது போதும் என்றது. அட்டையில் போடும் வயது பெரும்பாலும் ரத்தத்தையும் கெட்ட வார்த்தையையும் அளக்கிறது. சம்மதிக்காத பெண்ணை இயந்திரத்துக்குள் அடைக்கிற கதையின் கனத்தை அளக்க அதனிடம் கருவி இல்லை. அதனால் அட்டையை மட்டும் நம்பாதீர்கள், ஒரேயடியாகத் தடையும் போடாதீர்கள். ஹாஃப்-லைஃப் 2 சில வருடம் காத்திருக்கட்டும். போர்ட்டல் 2 ஆடட்டும், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வேண்டாம். இப்படிப்பட்ட கதையில் பிள்ளை எதையோ கண்டுபிடித்து அதிரும்போது, "அம்மா, இங்கே பாரேன்" என்று கூப்பிட ஓர் ஆள் வேண்டும். அந்த கேமில் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் பகுதி தனியாகவே உண்டு. ஒரு கண்ட்ரோலரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.