ஆறு தந்த மைதானம்

குடியாத்தத்துப் பையன்களுக்கு விளையாட இடமில்லை என்று யாராவது சொன்னால், அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கவுண்டன்ய மகாநதிக் கரையில் நிறுத்துவேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போக வேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் மூன்று மேட்ச், அந்தப் பக்கம் இரண்டு. ஒரு மேட்ச்சில் லாங் ஆனில் நிற்பவன் அடுத்த மேட்ச்சின் பாயின்டுக்கு முதுகை உரசிக்கொண்டு நிற்பான். கேட் இல்லை, வாட்ச்மேன் இல்லை, கட்டணம் இல்லை. எந்தத் தெரு, யார் வீட்டுப் பையன் என்று கேட்பாரும் இல்லை. ஊருக்குள் பெண் பார்க்கப் போனாலும் வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும் முதலில் வந்து நிற்கும் கேள்வி அது. மணலில் அந்தக் கேள்விக்கு வேலை இல்லை. பந்து போடத் தெரியுமா, அவ்வளவுதான். இப்படி ஒரு மைதானத்தை எங்களுக்கு யாரும் கட்டித் தரவில்லை. தண்ணீர் இல்லாத ஆறு தந்தது.

மணலில் பந்து எழும்பாது என்பதால் பிட்சைப் பையன்களே செய்துகொள்கிறார்கள். ஏரி வண்டல் நான்கு மூட்டையை டி.வி.எஸ். எக்ஸெல்லில் வைத்துக் கொண்டுவருவார்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, வரிசையாக நின்று மிதித்து, ஒரு நாள் காயவிடுவார்கள். தறிக்காரர் வீட்டுப் பையன் பாவு நூலில் ஒரு கட்டு கொண்டுவந்து இரண்டு முனையிலும் குச்சி நட்டு இழுத்துப் பிடிப்பான். லுங்கிக்குப் பேர்போன ஊர் இது. நூல் கோணாமல் பிடிப்பது அவன் கையிலேயே இருக்கிறது. கிரீஸ் கோடு அப்படி நேராக விழும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. பதினைந்து இருபது பையன்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று, குனிந்து, மணலைக் கையால் அளைந்தபடி கரையிலிருந்து கரைக்கு நடப்பார்கள். கண்ணாடிச் சில்லு பொறுக்குகிறார்கள். முந்தின ராத்திரி குடித்துவிட்டு உடைத்த பாட்டில்கள். வெறுங்காலில் ஃபீல்டிங் செய்கிறவர்களுக்கு இந்த வேலையைச் சொல்லித்தர ஆசிரியர் தேவைப்படவில்லை. கென்யாவில் நைரோபியின் மத்தாரே என்ற சேரிப்பகுதியில் 1987இல் ஓர் இளைஞர் விளையாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். அங்கே குப்பை அள்ளினால் அந்த அணிக்கு லீக் பட்டியலில் புள்ளி ஏறும். விளையாட்டை ஊர் வளர்ச்சியோடு சேர்த்த முன்மாதிரி என்று உலகமே அதைப் பேசுகிறது. பேசத் தகுந்ததுதான். எங்கள் பையன்கள் புள்ளி இல்லாமலே அள்ளுகிறார்கள். மத்தாரேயைவிட ஒரு படி மேல் என்று நான் சொன்னால் அது வெறும் ஊர்ப்பற்று இல்லை.

சாக்கடையையும் புகழ்ந்தாக வேண்டும். நகரத்தின் கழிவுநீர் மேற்குப் பக்கமாக ஆற்றில் இறங்கி, கறுப்பாக, ஒரு ஆள் தாண்டும் அகலத்தில் ஓடுகிறது. நான் பார்க்கும் மேட்ச்சில் அது வலதுகை ஆட்டக்காரனுக்கு லெக் சைடு. அந்தப் பக்கம் தூக்கி அடித்து பந்து உள்ளே விழுந்தால் அவுட். அதுவும் போக, அடித்தவனே இறங்கி எடுத்து, மணலில் புரட்டி, சட்டையில் துடைத்துத் தர வேண்டும். இருபது வருடமாக நடக்கும் சட்டம். இதனால் எங்கள் பையன்கள் நேர் மட்டையில்தான் ஆடுவார்கள். வெளியூர் டோர்னமென்டில் ஒருவர் அவர்களைப் பார்த்து, இவ்வளவு நேராக ஆட யாரப்பா சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். சாக்கடை என்று ஒருவன் பதில் சொன்னான். அவர் அதை யாரோ கோச்சின் பட்டப்பெயர் என்று நினைத்துக்கொண்டார்.

இத்தனை பெரிய மைதானம் ஒரே நாளில் உண்டாகிவிடாது. பல பேருடைய உழைப்பு அது. பாலாறு நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் வருகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். எங்கள் கவுண்டன்ய ஆறு அதன் பிள்ளை. மேலே தண்ணீரை நிறுத்தினார்கள், கீழே மணலை அள்ளினார்கள், நடுவே தோல் கழுவிய தண்ணீரை விட்டார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தொழில் நடந்தது, ஊருக்கும் சோறு போட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டுக்கு உறுதிப்படுத்தியது அது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடம். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக் கதையை மறுபடி பேச வேண்டி வந்தது. இருபத்தெட்டு வருட இடைவெளியில் எங்கள் மைதானம் சிறிதும் குறுகவில்லை.

அந்த 35,000 ஹெக்டேரையும் பிள்ளைகளின் கணக்கில் வைத்துப் பார்க்கிறேன். நிலம் இருந்த காலத்தில் சாயந்திரம் ஆனால் அப்பா கூப்பிடுவார். மோட்டார் போடு, மடை திருப்பு, மாட்டை அவிழ்த்துக் கட்டு. இப்போது கூப்பிட ஆள் இல்லை. அப்பா ஷிஃப்டில் இருக்கிறார். பிள்ளைக்கு மாலை நேரம் முழுசாகக் கையில் கிடைத்திருக்கிறது.

கிராமத்து இளைஞனுக்கு விளையாட்டு வேண்டும் என்பதில் எந்த ஆட்சியும் குறை வைத்ததில்லை. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகத்தோடு விளையாட்டுத் திடலும் இருந்தது. 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024இல் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது. மூன்றுமே நல்ல நோக்கம், மூன்றுமே நல்ல பெயர். எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் மூன்றையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். முதல் திட்டத்தின் பலகை இருக்கிறது, இரண்டாவதன் வாலிபால் கம்பம் இருக்கிறது, மூன்றாவதன் பை பஞ்சாயத்துக் கட்டடத்துப் பீரோவில் இருக்கிறது. கம்பங்களுக்கு நடுவே துணி காய்கிறது. பீரோவின் சாவி வைத்திருப்பவரிடம் திறந்து காட்டச் சொன்னேன். கிரிக்கெட் மட்டையின் பிடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. ஒரு கீறல் இல்லை, ஒரு தூசு இல்லை.

"பசங்க எடுத்தா ஒடச்சிடுவானுங்க சார், ஆடிட்டுல யாரு பதில் சொல்றது?"

அரசாங்கப் பொருளை இவ்வளவு பொறுப்போடு காப்பாற்றுகிறவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பின்னால் நின்ற பையன் ஒருவன் அந்த மட்டையின் முனையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். பத்து வயது இருக்கும்.

கோப்பை கொடுக்கிறவர்கள் எங்கள் ஊருக்குத் தவறாமல் வருவார்கள். வர வேண்டிய ஊர்தான். 1954இல் முதலமைச்சரான காமராஜரை இடைத்தேர்தலில் ஜெயிக்கவைத்து அனுப்பிய தொகுதி இது. சென்ற முறை வந்த கோப்பை என் இடுப்பு உயரம் இருந்தது. காலை பத்து மணிக்கு வர வேண்டிய விருந்தினர் இரண்டு மணிக்கு வந்தார். அதுவரை பையன்கள் வெயிலில் வரிசை கலையாமல் நின்றார்கள். விளையாட்டு ஒழுக்கத்தைக் கற்றுத்தரும் என்பது பொய்யில்லை, அன்று கண்ணால் பார்த்தேன். நேரமாகிவிட்டதால் இறுதி ஆட்டத்தை ஆறு ஓவராகக் குறைத்தார்கள். பேச்சைக் குறைக்கவில்லை.

ஒரு கம்பெனி ஜெர்சி கொடுத்தது. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்லும் 2013ஆம் வருடச் சட்டத்தில், கிராமிய விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பணிகளில் ஒன்று. நல்ல துணி. நான்கு வருடமாகியும் சாயம் இறங்கவில்லை. முதுகு முழுக்கக் கம்பெனியின் பெயர் பெரிதாக இருப்பதால் பையனின் பெயருக்கு இடமில்லை. பயிற்சி என்று சட்டத்தில் இருக்கும் சொல்லுக்கு ஜெர்சி கொடுத்த அந்த ஒரு நாள்தான் கிடைத்தது. ஒரு பி.டி. மாஸ்டரை ஒரு வருடம் வைத்திருக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஏப்ரல் 6ஆம் தேதியை வளர்ச்சிக்கும் அமைதிக்குமான விளையாட்டு தினமாக ஐ.நா. பொதுச்சபை 2013இல் அறிவித்தது. 1896இல் ஏதென்ஸில் ஒலிம்பிக் தொடங்கிய நாள் அது. வருடத்துக்கு ஒரு நாள் என்பது உலக வழக்கமாகவே இருக்கும்போது எங்கள் கோப்பைக்காரர்களை மட்டும் நான் என்ன சொல்வது?

இவ்வளவு நேரம் பையன், பையன் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன். மணலில் பெண்பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரோடு வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் ஓட்டத்தில் கெட்டிக்காரர்கள் பெண்கள்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். காலை ஆறு மணிக்கு மெயின் ரோட்டுக்கு வந்து பாருங்கள். ஷூ கம்பெனி பஸ் நிற்கிற நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. தெருக் கோடியில் ஹாரன் கேட்டதும் ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் புடவைக் கொசுவம், வாயில் ஹேர்பின், ரப்பர் செருப்போடு அந்த ஓட்டம் ஓடுவார்கள். யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. தினமும் ஓடுகிறார்கள், தினமும் பிடிக்கிறார்கள்.

அவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் வட்டார விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் முதலாவதாக வந்தாள். வெறுங்காலில் ஓடினாள். சான்றிதழை அவள் அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டும்போது முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார். அடுத்த வருடம் பெண் வயதுக்கு வந்தாள். "வயசுக்கு வந்த பொண்ணுக்கு கிரவுண்டுல இன்னா வேல?" என்று பாட்டி சொன்னார். அதோடு சரி. கொஞ்ச நாள் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றினாள். பதினெட்டு முடிந்ததும் கம்பெனி. இப்போது ஷூவுக்கு அப்பர் தைக்கிறாள். மணிக்கு இத்தனை என்று டார்கெட். அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை என்று சூப்பர்வைசர் பாராட்டினாராம். வேகம் எங்கேயும் போய்விடவில்லை, காலிலிருந்து கைக்கு வந்திருக்கிறது.

கம்பெனிக்கும் போக முடியாத பெண்களுக்கு வேலை வீடு தேடி வருகிறது. ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளில் கையால் ஷூ தைக்கும் பெண்களுக்கு ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவாகவே கிடைப்பதாக 2016இல் வந்த ஆய்வறிக்கை ஒன்று சொன்னது. அந்த ஷூக்கள் கப்பலேறி யார் யார் காலுக்கோ போகின்றன. அக்கா தைத்த ஷூவில் யாரோ நடக்கட்டும், தப்பில்லை. தம்பி மதிய மணலில் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து ஃபீல்டிங் செய்வதைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வேலூர் சத்துவாச்சாரியில் பளுதூக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். கிளாஸ்கோவில் தூக்கியது மொத்தம் 328 கிலோ. அப்பா ராணுவத்தில் இருந்தவர், அவரும் பளுதூக்கியவர், பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் காவலாளியாக வேலை பார்த்தார். பிள்ளைக்கு முதல் ஆசிரியர் அவர்தான். அந்த ஊரில் தூக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் தினமும் நின்று சின்னவனுக்குச் சொல்லித்தருகிறார். பூட்டாத ஓர் அறை, தினமும் வரும் ஒரு மனிதர். குடியாத்தத்திலிருந்து அந்த இடம் முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரம். எங்களைப் பாராட்ட வருகிறவர்களின் கார் அதைத் தாண்டித்தான் வருகிறது.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்தது. கவுண்டன்ய ஆறு ஆறாகவே வந்தது. பாலாற்றில் நூறு வருடத்தில் காணாத வெள்ளம் என்றார்கள். கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, ஜனங்கள் பள்ளிக்கூடங்களில் படுத்தார்கள். பையன்கள் பாத்திரம் பண்டங்களைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஓடினார்கள். கயிறு பிடித்தார்கள், கிழவிகளை முதுகில் சுமந்தார்கள். கண்ணாடிச் சில்லு பொறுக்கும் அதே வரிசை, தோளோடு தோள். அவர்களின் பிட்ச் எங்கே போனதென்றே தெரியவில்லை.

தண்ணீர் இறங்க வாரக்கணக்கானது. இறங்கின பிறகு பார்த்தால் புது மணல், வெளுத்துக் கிடந்தது. ஒரு சில்லு இல்லை. சாக்கடை ஓடிய தடத்தில் தெளிந்த தண்ணீர் கணுக்காலளவு ஓடியது, அடியில் கூழாங்கல் தெரிந்தது. பையன்கள் புது வண்டல் கொண்டுவந்து மிதித்தார்கள், பாவு நூல் பிடித்தார்கள். முதல் ஓவரிலேயே ஒருவன் லெக் சைடில் தூக்கி அடித்தான். பந்து தண்ணீரில் விழுந்தது. அவுட் என்று ஒரு குரல்கூட எழவில்லை. நாலு பேர் சிரித்துக்கொண்டே அதில் குதித்தார்கள், பந்தை எடுத்தவன் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தான். அந்தத் தை முழுக்க எங்கள் பையன்கள் மைதானத்தின் நான்கு பக்கமும் அடித்தார்கள்.

பங்குனியில் தண்ணீர் கறுக்கத் தொடங்கியது. பழைய சட்டம் திரும்ப வந்தது.