ரிட்டயர் ஆனவன் வூட்ல ஓவர்டைம்

இன்னா கண்ணு, உங்கப்பன் அடுத்த மாசம் ரிட்டயர் ஆவுறானாமே? 58 முடிஞ்சிடுச்சா? நல்லது. மாலை போடுவாங்க, சால்வை போத்துவாங்க, ஒரு சுவர்க் கடியாரம் குடுப்பாங்க. நிக்க நேரமில்லாம ஓடினப்போ குடுக்காத கடியாரத்தை, நேரம் பாக்க வேண்டிய வேலையே இல்லாதப்போ குடுப்பாங்க. அது இருக்கட்டும். நீ பயப்பட வேண்டியது அதுக்கு அப்பால வர்ற திங்கக்கிழமைக்குத்தான்.

வூட்டைக் கட்டிப்பாரு, கல்யாணம் பண்ணிப்பாருன்னு பெரியவங்க ரெண்டோட நிறுத்திட்டாங்க. ஏன் தெரியுமா? அவங்க காலத்துல ரிட்டயர்மென்ட் கெடையாது. ஏர் புடிச்சவன் எந்தத் தேதியில ரிட்டயர் ஆவுறது?

1971-ல தொழிற்பேட்டை அமைக்கிறதுக்கு சிப்காட்டுன்னு அரசாங்கம் ஒன்னு ஆரம்பிச்சுது. அது கும்மிடிப்பூண்டிக்கும் வந்து சேந்துது. ஏர் புடிச்சவன் புள்ளைங்கல்லாம் கம்பி மில்லுக்குப் போனாங்க. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். அவங்கல்லாம் இப்ப வரிசையா வூட்டுக்கு வர்றாங்க. தெருவுக்கு நாலு பேரு கையில ஸ்பேனரோட நிக்கிறாங்க. எதைத் திருகலாம்னு பாத்துக்கினு.

எங்க பக்கத்து வூட்டுக்காரரையே எடுத்துக்கோ. பேரு சொல்ல மாட்டேன். நீ போய் அவருகிட்டயே ஓதிடுவே. இரும்பை உருக்கி, கம்பியா இழுக்குற ஆலையில ஷிப்ட் இன்சார்ஜா இருந்தவரு. ரிட்டயர் ஆன மறுவாரமே வூட்டு வாசல்ல ஒரு வெள்ளை போர்டு மாட்டிட்டாரு. திங்கள்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் கட்டம் போட்டு, இன்னின்ன நாளு இன்னின்ன "ப்ராஜெக்ட்". ஒட்டடை அடிக்கிறதும் ப்ராஜெக்ட்தான், டியூப்லைட் மாத்துறதும் ப்ராஜெக்ட்தான். நாங்க இதையெல்லாம் வேலைன்னே சொன்னதில்ல தம்பி. சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிட்டு கை கழுவுவோம்.

திங்கக்கிழமை மொட்டைமாடி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து நம்ம ஜில்லாவையே முக்கி எடுத்துச்சே, அதுலேர்ந்து அவருக்கு மாடியில தண்ணி நின்னா தூக்கம் வராது. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் டப்பா டப்பாவா வாங்கி, ஆனி வெயில்ல தலையில துண்டைக் கட்டிக்கினு மூணு கோட் அடிச்சாரு. அடுத்த மழைக்கும் தண்ணி நின்னுச்சி. நான் போய் மூலையில குனிஞ்சு பாத்தேன். மழைத்தண்ணி எறங்குற குழாய் வாயில வேப்பிலைச் சருகு ஒரு கையளவு அடைச்சிக்கினு இருக்குது. ரெண்டு விரலை வுட்டு எடுத்தேன். கடகடன்னு எறங்கிடுச்சி. மனுஷன் ஒரு வாரம் என்கிட்ட பேசல.

செவ்வாக்கிழமை சிறுவாபுரி. சின்னம்பேடு முருகனை ஆறு செவ்வாய் விடாம கும்பிட்டா சொந்த வூடு அமையும்னு ஜனங்க நம்பிக்கை. செவ்வாய்ன்னா அந்த ரோட்ல நடக்கக்கூட எடமிருக்காது. வூடு இல்லாதவன் போறான், நியாயம். இவருக்குத்தான் வூடு இருக்குதே? கேட்டா, "மேல ஒரு மாடி கட்டணும்ணே, ரூம் இருந்தாத்தான் பசங்க வந்து தங்குவாங்க"ன்றாரு. அப்படியா? எங்க வூட்ல இருந்தது ஒரே கூடம். ஒரு பாய்ல நாலு பேரு கெடந்தோம். ரூம் இல்லன்னு எந்த அத்தை வராம இருந்தா, எந்தச் சித்தப்பன் ராவோட ராவா திரும்பிப் போனான்?

புதன்கிழமை சமையக்கட்டு. அங்கதான் கூத்து. ஆலையில ஜப்பான்காரன் முறைன்னு ஒன்னு சொல்லிக் குடுத்திருக்கான். ஃபைவ் எஸ். வேண்டாததைக் கழி, வேண்டியதை எடத்துல வை, சுத்தம் பண்ணு, ஒரே மாதிரி வச்சிக்கோ, வுடாம செய். அவ்ளோதான் சங்கதி. தப்பே இல்ல. ஆனா அதைக் கொண்டாந்து சம்சாரத்துக்கிட்டக் காட்டலாமா? டப்பாவுக்கு டப்பா ஸ்டிக்கர். "துவரம்பருப்பு. குறைந்தபட்ச இருப்பு 500 கிராம்." அவரு சம்சாரம் எனக்குத் தங்கச்சி மாதிரி. தங்கச்சி வாயே தொறக்கல. அந்த வூட்டு அஞ்சறைப்பெட்டி அவ மாமியார் காலத்துது. கரன்ட் போன ராத்திரியில கூட கடுகு எங்க, வெந்தயம் எங்கன்னு அவ கை தானா போவும். மறுநாள் பாத்தா "ரவை" ஸ்டிக்கர் ஒட்டின டப்பாவுல கடலைப்பருப்பு. "ஏம்மா?"ன்னு கேட்டேன். "ஸ்டிக்கர் அவருக்குண்ணே, டப்பா எனக்கு"ன்னா.

வியாழக்கிழமை குழாய் ரிப்பேரு. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடித் தண்ணியில கடல் உப்பு ஏறுனது 1960-கள்லயே தெரிஞ்சுபோன விஷயம். உப்புத்தண்ணிக்கு பளபளன்னு வெலை ஒசந்த குழாய்னு தெரியுமா? இவரு ஸ்டார் ஓட்டல்ல இருக்குற மாதிரி ஷவர் வாங்கி மாட்டுனாரு. ரெண்டே மாசம். ஓட்டையெல்லாம் வெள்ளைப் பொருக்கு. ஷவரைத் தொறந்தா ஒரு தாரை எதிர்ச் சுவத்துக்கு, ஒரு தாரை கதவுக்கு, தலைக்கு மட்டும் ஒன்னும் வராது. தங்கச்சி குழம்புக்குப் புழிஞ்ச புளிச் சக்கையை எடுத்துப் போய் அப்பி வச்சா. சாயங்காலம் தேச்சு வுட்டா. வந்துச்சி தண்ணி.

வெள்ளிக்கிழமை, உசிரோட இருக்கேன்னு நிரூபிக்கிற ப்ராஜெக்ட். பென்ஷன்காரன் வருஷத்துக்கு ஒருக்கா காட்டணுமே, அந்தச் சான்று. 2014-ல கம்ப்யூட்டர் வழியா வந்துச்சி, 2021-லேர்ந்து மூஞ்சைக் காட்டுனா போன்லயே ஆயிடும். போனு இவரைப் பாத்து கண்ணைச் சிமிட்டுன்னுது. இவரு ஷிப்ட் இன்சார்ஜ் மொறைப்பு மொறைக்கிறாரு. அது ஏத்துக்குமா? கடைசியில தங்கச்சி பின்னாடி நின்னுக்கினு, "பொண்ணு பாக்க வந்தப்போ சிமிட்டினீங்களே, அப்படிச் சிமிட்டுங்க"ன்னா. மனுஷன் சிரிச்சாரு. சான்று வந்துடுச்சி. இவ்ளோ அமர்க்களத்துக்கு வர்ற பென்ஷன் எவ்ளோன்னு கேக்காதே. எவ்ளோ சம்பளம் வாங்கினாலும், பெரும்பாலானவங்களுக்கு மாசம் 15,000-க்கு மேல கணக்குல சேக்க மாட்டாங்க. குறைஞ்சபட்சம் 1,000 ரூவாய்னு 2014-ல வச்சாங்க. அந்தப் பணத்துல ட்ரில்லிங் மிஷின் வாங்குறவனை என்னன்னு சொல்றது?

சனிக்கிழமை, போர்டுல எல்லாக் கட்டத்துலயும் பச்சை டிக்கு. ஒன்னே ஒன்னு பாக்கி. கொல்லைப்புற முருங்கையிலேர்ந்து ஒடிச்ச கீரை கட்டுக்கட்டா சமையக்கட்டு மூலையில கெடக்குது. "இது ஏன் பெண்டிங்?"ன்றாரு. "கெடக்கட்டும்"ன்றா தங்கச்சி. "நாளைக்குப் பசங்க வர்றாங்க, இன்னிக்கே ஆய்ஞ்சி முடிச்சிடு." "கெடக்கட்டும்னா கெடக்கட்டும்."

ஞாயித்துக்கிழமை பொண்ணு, மாப்பிள்ளை, பேரப்புள்ளைங்க சோழிங்கநல்லூர்லேர்ந்து வந்தாங்க. நான் மோரு குடிக்கிற சாக்குல திண்ணையில குந்திக்கினேன். இவரு மாப்பிள்ளையை இட்டுக்கினு ஆலையைச் சுத்திக் காட்டுற கணக்கா வூட்டைச் சுத்திக் காட்டுனாரு. மாடி. ஷவரு. சிசிடிவி. மாப்பிள்ளை ஒவ்வொன்னுக்கும் "சூப்பர் மாமா". அரை மணி நேரத்துல சூப்பர் தீந்துபோச்சி. அப்பால? சோபாவுல வரிசையா குந்திக்கினு ஆளுக்கொரு போனு. வூடு பளபளன்னு இருக்குது. பேச்சு மட்டும் இல்ல.

அப்பத்தான் தங்கச்சி மொறத்தைக் கொண்டாந்து கூடத்துக்கு நடுவுல வச்சா. கீரைக் கட்டை அவுத்துக் கொட்டினா. ஒரு வார்த்தை சொல்லல. பொண்ணு தானா சோபாவை வுட்டு எறங்கி சம்மணம் போட்டுக் குந்தினா. காம்பைப் புடிச்சா, உருவினா. கை ஓட ஆரம்பிச்சதும் வாயும் ஓட ஆரம்பிச்சிடுச்சி. ஆபீஸ்ல மேனேஜர் பண்ற அக்கிரமம், வூட்டுக் கடன் தவணை, பெரிய பையன் கணக்குன்னாலே வயித்து வலின்றான். போன்ல கேட்டப்பல்லாம் "நல்லா இருக்கோம்மா"ன்னு சொன்னவதான். சின்னது கீரையை உருவாம காம்பை மொறத்துல போட்டுது, அதுக்கு ஒரு சிரிப்பு. மாப்பிள்ளை கையில ஒரு தேங்காயையும் கடப்பாரையையும் குடுத்து கொல்லைக்கு அனுப்பினா தங்கச்சி. பாதி உரிச்சி, வேர்த்து வழிஞ்சி, நாரும் கையுமா வந்து நின்னாரு. அன்னிக்குத்தான் அவரு அந்த வூட்டுப் புள்ளையானாரு. நம்ம இன்சார்ஜும் மெல்ல வந்து மொறத்துக்கு ஓரமா குந்தினாரு. சாயங்காலம் அஞ்சுக்குக் கெளம்பணும்னு வந்தவங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பால கெளம்புனாங்க.

புரிஞ்சிதா நைனா? ஆறு நாளு அவரு வேலையை முடிச்சி முடிச்சி வச்சாரு. அவ ஒரே ஒரு வேலையை முடிக்காம வச்சா. யாரு கெட்டிக்காரி?

உங்கப்பன்கிட்ட சொல்லு. வேலையில ரெண்டு ஜாதி இருக்குது. மழைக்கு முன்னாடி பாக்குற வேலை, அது காத்திருக்காது. ஐப்பசி பொறக்குறதுக்குள்ள குழாய் வாயை நோண்டிடணும். கரன்ட் வேலையா, தெரிஞ்சவனைக் கூப்புடணும். மத்த சில்லறை வேலையை எல்லாம் பசங்களுக்கு மிச்சம் வைக்கணும். பரண்ல இருக்குற பழைய ஃபோட்டோ டப்பா, ஊஞ்சல் கொக்கி, ஊறுகாய்க்கு நறுக்க வேண்டிய மாங்கா. எல்லாம் முடிஞ்ச வூட்ல விருந்தாளிக்கு இன்னா வேலை? குந்தவே வேண்டாமேன்னு பூடுவான்.

உனக்கும் சொல்றேன். அப்பன் வூட்டுக்குப் போனா, சோபாவுல சாஞ்சிக்கினு "எதாச்சும் ஹெல்ப் பண்ணட்டுமா?"ன்னு கேக்காதே. அப்படிக் கேட்டா "வேணாம்பா"ன்னுதான் எந்த ஆயாளும் சொல்லுவா. பேசாம கீழ குந்து. கையில கெடைச்சதை உருவு.

இன்னா, எழுந்துட்டியா? பஸ்ஸுக்கு நேரமாச்சா? போற வழியில கொல்லையில ஒரு தென்ன மட்டை விழுந்து கெடக்குது பாரு, அதை இழுத்து ஓரமா போட்டுட்டுப் போ. எனக்கு முடியாம இல்ல. நேத்து விழுந்துது, நீ வருவேன்னுதான் வச்சிருக்கேன்.