அடுக்ககத்தில் பூஞ்சை சாகுபடி

கரண்ட் பில் குறைய வேண்டும் என்று சென்னையில் வீட்டை இறுக்கி அடைத்திருப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி: பூஞ்சை வளர்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. உரம், பம்புசெட் எதுவும் வேண்டாம். மானியம் மட்டும் இன்னும் அறிவிக்கவில்லை.

முதலில் நிலத்தைத் தயார் செய்யுங்கள். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் என்று ஒரு திறப்பு இருக்கும். அட்டையை வைத்து அடைத்து செலோடேப் ஒட்டிவிடுங்கள். புது ஃபிளாட் என்றால் அந்த வேலையும் இல்லை; கட்டியவரே வைக்காமல் விட்டிருப்பார். ரப்பர் பட்டை வைத்த யு.பி.வி.சி. ஜன்னலைச் சாத்தினால் ஆடி மாத ஒலிபெருக்கியே அடங்கிவிடுகிறது, காற்று எந்த மூலைக்கு?

அடுத்தது பாசனம். நாலு பேர் மூச்சுவிட்டு, குளித்து, சமைத்தாலே ஒரு நாளைக்குப் பல லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலக்கும். துவைத்த துணியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகாமல் படுக்கையறையில் கொடி கட்டிக் காயப்போட்டால், மெஷின் ஒரு தடவை ஓடியதற்கு இன்னும் சுமார் 2 லிட்டர். இட்லிப் பானையைத் திறக்கும்போது சிம்னியைப் போடலாம், தப்பில்லை. ஆனால் குழாய் வெளியே போகாத, கரி ஃபில்டர் ரகமாக இருக்கட்டும். எண்ணெயையும் வாடையையும் பிடித்துக்கொண்டு ஆவியைப் பத்திரமாக உங்களிடமே திருப்பித் தந்துவிடும்.

ஏ.சி. இந்தப் பயிருக்குப் பகையாயிற்றே என்பீர்கள். பாதி உண்மைதான். பால்கனி பக்கெட்டில் சொட்டும் தண்ணீர் உங்கள் அறைக் காற்றில் இருந்ததுதான். ஆனால் அறை குளிர்ந்ததும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரமும் மிச்சம், ஈரமும் மிச்சம். போதாக்குறைக்கு, வீட்டில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏ.சி. பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதே இல்லை, இருப்பதையே சுற்றவிடும். "ஜில்லுனு இருக்கு, ஆனா பிசுபிசுங்குதே" என்று யாராவது சொன்னால் பயிர் வேர் பிடித்துவிட்டது.

நடவுப் பருவம் ஐப்பசியும் கார்த்திகையும். வெயில் தணிந்ததால் ஏ.சி. ஓடாது, சாரலுக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலும் திறக்காது. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி வையுங்கள், நடுவே விரல்கூட நுழையக் கூடாது. மார்கழிக்குள் முதல் அறுவடை: தோல் பெல்ட்டில் பச்சை, பட்டுப்புடவை மடிப்பில் வெள்ளை, சுவர் மூலையில் கறுப்பு.

பயிருக்கு முதல் எதிரி பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன். குளித்த பிறகும் அரை மணி நேரம் ஓடவிட்டால் எல்லாம் போச்சு. பழைய குண்டு பல்பு தின்ற அளவு கரண்ட்கூட அது தின்னாது என்பதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள். பீரோவை அரை அடி முன்னால் இழுப்பதும், சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி வாங்கி மாட்டி, முள் 60-ஐத் தாண்டும்போதெல்லாம் அலறுவதும் அதே ரகக் கெடுதல். ஜன்னல் விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. மே மாதத்தில் ஏ.சி. ஓடும்போது திறந்தால் கடற்காற்று ஈரத்தோடு வந்து நமக்கே லாபம். மழைவிட்டு வெயில் காயும் பகலில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறவர்தான் ஆபத்தானவர்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற சாக்கில் கறுப்பின் மேலேயே ஒரு கோட் பெயின்ட் அடித்து மூடிவிடுங்கள். ஈரம் அடியில் அப்படியே இருக்கும். அடுத்த ஐப்பசிக்கு விதைக்காமலே மறுதாம்பு கிளம்பும்.